கல்லும் கையும் – 9: உடைத்தது யார்?

வயலிலோ ஆற்றங்கரையிலோ ஒரு கல் கிடைக்கிறது. ஒரு முனை கூராக இருக்கிறது. மறுமுனை உள்ளங்கைக்குள் பொருந்தி உட்காருகிறது. எடுத்தவர் மனத்தில் உடனே எழும் கேள்வி, ‘இதை மனிதன் செய்திருக்கலாமோ?’ என்பது. அந்தக் கேள்வியிலிருந்துதான் குழப்பமே தொடங்குகிறது. எந்தக் கல்லையும் மனிதன் உடைத்திருக்கலாம் என்பதால் அதற்குப் பதில் எப்போதும் ‘ஆம்’தான். கேட்க வேண்டியது வேறு: இந்தக் கல் கிடந்த இடத்தில் ஓடிய ஆறோ, சரிந்த மண்ணோ, வெயிலோ, நெருப்போ இதை இப்படி ஆக்கியிருக்க முடியாதா? முடியாது என்று காட்டிய பிறகுதான் மனிதனின் பெயரை எடுக்கலாம். ‘கைக்கு அடக்கமாக இருக்கிறதே’ என்ற சான்றை இங்கேயே தள்ளிவிடுவோம். கையளவு கல் கைக்கு அடங்கத்தான் செய்யும். வளைந்து கொடுப்பது விரல்கள். வழுவழுப்பான கூழாங்கல், துளை விழுந்த கல், முகம் தெரிகிற கல் எல்லாம் இந்த வகைதான்.

உடைவின் தடம் ஓரளவு உதவும். சிக்கிமுக்கி, குவார்ட்சைட் போன்ற கற்களின் ஓரத்தில் ஓங்கி அடித்தால், அடி விழுந்த இடத்துக்குக் கீழே சிறு புடைப்போடு ஒரு சில்லு பெயரும். தாய்க்கல்லில் அதற்கு ஈடான குழிவு நிற்கும். வெயிலிலோ தீயிலோ தானே தெறித்த கல்லில் இந்தப் புடைப்பைக் காண முடியாது. வட்டமான பள்ளம் மட்டும் இருக்கும். ஆகவே புடைப்பைக் கண்டதும் பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் அடி விழுந்தது என்பதை மட்டுமே புடைப்பு சொல்கிறது. காட்டாற்று வெள்ளத்தில் பாறையோடு பாறை மோதினாலும் அதே புடைப்பு வரும்.

இதைப் புரிந்துகொள்ள ஐரோப்பியர்களுக்கு நீண்ட சண்டை ஒன்று தேவைப்பட்டது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் மளிகைக்கடை நடத்திய பெஞ்சமின் ஹாரிசன், மேட்டுநிலச் சரளையிலிருந்து ஓரம் சிதைந்த சிக்கிமுக்கிக் கற்களை ஏராளமாகப் பொறுக்கிச் சேர்த்து, மனிதனின் மிகப் பழைய கருவிகள் இவையே என்றார். இயோலித் என்று பெயர் பெற்ற அந்தக் கற்களுக்குத் துணைநின்றவர் சாமானியர் அல்லர். அவர் புவியியலாளர் ஜோசப் பிரெஸ்ட்விச். 1859-ல் ஜான் எவான்ஸுடன் பிரான்சுக்குப் போய், ஆமியேன் நகரை அடுத்த சரளைக்குழியில் கைக்கோடரி மண்ணுக்குள் பதிந்திருந்ததைப் பார்த்து, மனித இனத்தின் தொன்மையை அறிவுலகம் ஏற்கும்படி செய்தவர் அவர். அங்கே கல்லுக்கு மண்ணடுக்கு சாட்சி சொன்னது. ஹாரிசனின் கற்களுக்கோ அவற்றின் வடிவம் மட்டுமே சாட்சி. 1905-ல் தொல்லுயிரியலாளர் மார்செலின் பூல், பிரான்சின் மாந்த் நகரை ஒட்டிய சிமென்ட் ஆலையைப் பார்வையிட்டார். சுண்ணக்கல்லை நீரில் போட்டுச் சுழற்றும் தொட்டிகளில், கூடவே சுழன்ற சிக்கிமுக்கிக் கற்கள் ஒன்றோடொன்று மோதி அச்சு அசல் இயோலித்துகளாக வெளிவந்துகொண்டிருந்தன. 1910-ல் தொல்லியலாளர் ஆன்ரி புரூய், பிரான்சில் 5 கோடி ஆண்டுகளுக்கும் பழைய மணற்படிவின் அடியில், மேல்மண்ணின் சுமையில் உடைந்த கற்களைக் காட்டினார். பெயர்ந்த சில்லு தாய்க்கல்லின் பக்கத்திலேயே கிடந்தது. அந்தப் படிவின் காலத்தில் மனிதன் இருக்கட்டும், குரங்குகூட உலகில் இல்லை.

தனிக்கல்லை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்க்கும் வழியை ஆல்ஃபிரட் பார்ன்ஸ் 1939-ல் முன்வைத்தார். கருவி செய்பவன் கூர்ங்கோணமுள்ள ஓரத்தைத் தேர்ந்தெடுத்து அடிப்பான். விரிகோணத்தில் அடித்தால் சில்லு பெயராது என்பது அவனுக்குத் தெரியும். இயற்கைக்கு அந்தத் தேர்வு கிடையாது. ஆகவே ஒரு தொகுதியின் சில்லுத் தழும்புகளை அளந்தால், விரிகோணங்கள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றார். இது தொகுதிக்கான அளவுகோல் என்பதால், தொகுதியை யார், எப்படிச் சேர்த்தார் என்பதும் முக்கியமாகிவிடுகிறது. கலிபோர்னியாவின் மொகாவி பாலைவனத்தில் உள்ள காலிகோவில் சறுக்கியது இங்கேதான். 1964-ல் லூயி லீக்கியின் ஊக்கத்தில் அங்கே அகழாய்வு தொடங்கியது. ஆப்பிரிக்காவில் ஆதிமனிதத் தடங்களைக் கண்ட அவர் சொன்னதால் உலகம் காது கொடுத்தது. ஆனால் அந்த இடம், மலையிலிருந்து வெள்ளம் அடித்துவந்து கொட்டிய கற்குவியல். கோடிக்கணக்கான மோதல்கள் நடந்த குவியலிலிருந்து அழகாக உடைந்தவற்றை மட்டும் பொறுக்கினால் அவை கருவிகளாகத்தான் தெரியும். நாணயத்தைப் பல்லாயிரம் முறை சுண்டிவிட்டு, தொடர்ந்து பத்துத் தலை விழுந்த வரிசையை மட்டும் எடுத்துக் காட்டுவது போன்றது அது. 1973-ல் புவியியலாளர் வான்ஸ் ஹேன்ஸ் இந்த ஐயத்தை ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். லீக்கியின் மனைவியும் தொல்லியலாளருமான மேரி லீக்கியே காலிகோவை நம்பவில்லை.

‘அப்படியானால் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்தது ஒரே ஒரு கல்தானே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1863 மே 30 அன்று, தோண்டிப் போட்ட சரளையிலிருந்து அவர் எடுத்த அந்தக் கல்லுக்கு மண்ணடுக்குச் சாட்சியும் வலுவாக இல்லை. இருந்தாலும் அது ஒரு கைக்கோடரி; கைக்கோடரி வேறு ரகம். இரண்டு முகத்திலும், ஒரு தழும்பின் மேல் அடுத்த தழும்பு ஏறி, விளிம்பு முழுவதும் சுற்றிவந்து, இரு பக்கமும் ஒத்துப்போகும்படி அடிகள் விழ வேண்டும். ஒவ்வொரு அடி கூடும்போதும் தற்செயலுக்கு இடம் குறைகிறது. அதோடு ஃபூட் அந்த ஒரு கல்லோடு நிற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தைக் கண்டார். அங்கே சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் நடத்திய அகழாய்வில், மெல்லப் பரவிய வெள்ளம் படியவைத்த களிமண்ணுக்குள் பெரிய குவார்ட்சைட் கருவிகள் வெளிப்பட்டன. களிமண்ணைப் படியவைக்கும் நீருக்கு அவ்வளவு பெரிய கற்களை உருட்டிவரும் வலு கிடையாது. யாரோ சுமந்து வந்திருக்க வேண்டும். 2011-ல் அவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று அறிவிக்கப்பட்டது.

இன்னொரு மறுப்பு ஹாரிசன் காலத்தது: முதல் கருவிகள் கரடுமுரடாகத்தானே இருந்திருக்கும், இத்தனை கடுமையான சோதனை அவற்றைத் தொலைத்துவிடாதா? சில தொலையும்தான். ஆனால் கரடுமுரடு ஒரு தடையாக இருப்பதில்லை என்பதற்குக் கென்யாவின் லொமெக்வி சான்று. 2015-ல் அறிவிக்கப்பட்ட அந்த 33 லட்சம் ஆண்டுக் கற்கள் முரட்டுத்தனமானவை; சில 15 கிலோ வரை எடை. அவற்றை எடைபோட வடிவத்தைத் தவிர வேறு சான்றுகளும் இருந்தன: பெயர்ந்த சில்லு ஒன்று தாய்க்கல்லோடு மறுபடி பொருந்தியது, சுற்றியிருந்த நுண்வண்டல் இவ்வளவு கனமான கற்களைக் கொண்டுவந்திருக்காது என்றும் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அவை கிடந்த அடுக்கு பற்றி ஐயப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்த ஐயமும் கல் கிடந்த இடத்தைப் பற்றியதே.

இயற்கையை முழுதாக விலக்கிவிட்டாலும் வழக்கு முடிவதில்லை. பிரேசிலின் பெட்ரா ஃபுராடா குகையில் கிடைத்த உடைந்த குவார்ட்ஸ் கற்களை, அமெரிக்கக் கண்டத்து மிகப் பழைய மனிதர்களின் கருவிகள் என்றார் நீடே கிடோன். மேலே சுமார் 100 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை உச்சியிலிருந்து கூழாங்கற்கள் விழுந்து உடைகின்றன என்று 1994-ல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2016-ல் அதே வட்டாரத்தில் இன்னும் சங்கடமான செய்தி வந்தது. தாடி கப்புச்சின் குரங்குகள் கல்லைக் கல்லால் அடித்து, உடைந்த பரப்பை நக்குகின்றன. தெறிக்கும் சில்லுகள் கூர்மையானவை, புடைப்புள்ளவை, ஒரே கல்லிலிருந்து வரிசையாகப் பெயர்ந்தவை. குரங்குகள் அவற்றை எதற்கும் பயன்படுத்தவில்லை. கிடந்த இடத்திலேயே விட்டுப் போகின்றன. இனி பெட்ரா ஃபுராடாவின் எளிய சில்லுகளை மனிதனுக்குச் சொந்தமாக்க நினைப்பவர், வேறு இடத்திலிருந்து அவை கொண்டுவரப்பட்டன என்றோ, எதையோ அறுத்துத் தேய்ந்த ஓரம் அவற்றில் இருக்கிறது என்றோ காட்டியாக வேண்டும். அறுத்துத் தேய்ந்த அந்த ஓரத்தை நுண்ணோக்கியில் எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.