மழை கரைக்கும் கல்

பண்டத்தரிப்பில் நான் படிப்பிப்பது தமிழ்தான். ஆனால் ஊர்ப்பெயர்களை விளக்கப் போனால் பாடம் தானாகவே புவியியலுக்குள் இறங்கிவிடும். கலட்டி என்றால் என்ன என்று கேட்டால், மண் மெல்லிதாய்ப் படிந்து கல் தலைகாட்டும் நிலம் என்று சொல்ல வேண்டும். "சேர், வழுக்கையாறு எண்டு சொல்லுறம். மழை விட்டால் அதில தண்ணியில்லையே?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தக் கல்லின் கதையையே சொல்ல வேண்டும். நமது கிணறுகளுக்கு இன்று வந்திருக்கும் ஆபத்தும் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய, கெட்டியான பாறை. யாழ்ப்பாணம் அப்படியல்ல. ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த மயோசீன் காலத்தில், ஆழங்குறைந்த கடலடியில் உயிரினங்களின் ஓடுகளும் எச்சங்களும் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல் இது. மன்னார்க் கரையோரமாகப் புத்தளம் வரை இந்த வலயம் நீள்கிறது. காங்கேசன்துறையிலும் புத்தளத்திலும் சீமெந்துத் தொழிற்சாலைகள் எழுந்தது இந்தக் கல்லை நம்பித்தான். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்களில் பெருந்தொகையினர் போய்ச் சேர்ந்ததும் இதே கல்வலயத்தின் தென்முனைக்குத்தான்.

சுண்ணாம்புக்கல்லை மழை கரைக்கும். வானத்திலிருந்து விழும் நீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிக் கல்சியம் காபனேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கேத்தலில் தண்ணி கொதித்த பின் அடியில் வெள்ளையாய்ப் படிவது அப்படிக் கரைந்து வந்த கல்தான். பல்லாயிரம் ஆண்டுகள் இது நடந்தால் வெடிப்பு வாய்க்காலாகும், வாய்க்கால் பிலமாகும், சில இடங்களில் பிலத்தின் கூரையே இடிந்து விழும். புத்தூருக்கு அருகே, அடியில்லாக் கிணறு என்று பெயரெடுத்த நிலாவரை அப்படி உண்டானதுதான். கீரிமலையில் கடலை ஒட்டி நன்னீர் ஊறுவதும் இந்த நிலத்தடி வழிகளால்தான். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாததற்கும் இதுவே முக்கிய காரணம். பெய்த மழையில் பெரும்பகுதியை நிலம் குடித்துவிடுகிறது.

குடித்த நீர் எங்கே நிற்கிறது? கடல்நீரின் மேல். கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனதியானது. ஆகவே மழைநீர் அதன்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இரு ஐரோப்பியர் தனித்தனியே கண்ட கணக்கு. பிலங்கள் நிறைந்த நம் கல்லில் இது இடத்துக்கிடம் மாறும். ஆனாலும் அதன் மறுபக்கத்தை நாம் யோசிக்க வேண்டும். மேலே ஓரடி இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழே உவர் நாற்பதடி ஏறப் பார்க்கும். துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் கை களைத்தது, கிணறு ஊறியது. இயந்திரம் களைப்பதில்லை. நிலாவரையிலேயே மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர்.

இரண்டாவது ஆபத்து மேலிருந்து வருகிறது. மணல் நிலத்தில் நீர் மெதுவாக வடிந்து ஓரளவு சுத்தமாகும். கல்வெடிப்பில் அந்த வடிகட்டல் குறைவு. தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் மலசலகூடக் குழியின் கழிவும் விரைவாகக் கீழே போய்ச் சேரும். இரண்டிலிருந்தும் நைத்திரேற்று உண்டாகிறது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்தின் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்குத்தான் இதனால் கூடுதல் ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறையும். "கொதிக்க வைச்சால் சரிதானே?" என்று பலர் கேட்கிறார்கள். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

செய்யக்கூடியவை நம் கையில் இருக்கின்றன. கிணற்றை ஒரே மூச்சில் வற்ற இறைக்காமல் இடைவிட்டு இறைக்கலாம். பசளையை ஒரேயடியாகக் கொட்டாமல் பயிர் எடுக்கும் அளவுக்குப் பிரித்துப் போடலாம். மலக்குழியை அடியும் பக்கமும் கசியாத தொட்டியாகக் கட்டலாம். குளங்களைத் தூர்வாரி, அவற்றுக்குப் போகும் வெள்ளவாய்க்கால்களை அடைக்காமல் விடலாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கிணற்றுநீரைப் பரிசோதிப்பிக்க வேண்டும்.

பள்ளிவாசல் ஹவ்ழும் இந்தக் கல்லிலிருந்தே நிரம்புகிறது. வுழூச் செய்யும்போது நீரை வீணாக்காதே என்று நம் மார்க்கம் சொல்வதை இங்கே நாற்பதால் பெருக்கிப் பார்க்கலாம். ஐப்பசி மழை வருமுன் பள்ளிக்கூரைப் பீலியை ஒரு தொட்டிக்குத் திருப்ப ஜமாஅத் முடிவெடுத்தால், அந்த மாரியிலேயே கிணற்றுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.