ஐயத்தை அளக்கும் கணிதம்



மலையின்மீது புகை எழக் கண்டு, ஆங்கே தீ உண்டெனத் துணிவதை அனுமானம் என்பர் நம் தருக்க நூலார். ஆயின், தொலைவில் தோன்றுவது புகையோ பனியோ என்று தெளிவுறாதபோது என் செய்வது? தீ உண்டென்று துணியவும் இயலாது. இல்லையென்று தள்ளவும் இயலாது. எவ்வளவுக்கு நம்பலாம் என்பதே வினா. சிந்திக்கும் பொறிகளை ஆக்க முற்பட்டோரையும் இவ்வினா நெடுங்காலம் இடர்ப்படுத்தியது.

இதற்குரிய கணிதம் பழையது. இங்கிலாந்திலே சமய போதகராக வாழ்ந்து 1761இல் மறைந்த தோமஸ் பேய்ஸ் எழுதிவைத்த கட்டுரையை, அவர் நண்பர் றிச்சாட் பிறைஸ் 1763இல் அறிஞருலகின் முன் வைத்தார். அதன் சாரத்தை எண்களாற் காட்டுவேன். பென்சில் வைத்திருப்போர் குறித்துக்கொள்க. ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு ஒரு நோய் உண்டெனக் கொள்வோம். இரத்தப் பரிசோதனையொன்று அப்பதின்மருள் ஒன்பதின்மரைச் சரியாகக் காட்டும். நோயற்ற 990 பேருள்ளும், நூற்றுக்குப் பத்தாக, 99 பேரை நோயாளரெனப் பிழைபடச் சொல்லும். ஆகவே, நோய் உண்டென்ற முடிவைப் பெறுவோர் 108 பேர். அவருள் உண்மையில் நோயுற்றோர் ஒன்பதின்மரே. பன்னிரண்டில் ஒரு பங்கு! நூற்றுக்குத் தொண்ணூறு சரியான பரிசோதனை என்று கேட்டு நடுங்கியவர், இக்கணக்கை அறியின் சிறிது ஆறுதலடைவார்.

இவ்விதியைப் பொறியில் அவ்வாறே புகுத்தலாகாதோ எனக் கேட்பீர்கள். உண்டு, இல்லை என்னும் இரு நிலையுடைய செய்திகள் முப்பது இருப்பின், அவை ஒன்றோடொன்று கூடும் வகைகள் 107 கோடிக்கு மேலாகும். அத்தனைக்கும் எண் தர எந்த வைத்தியரால் இயலும்?

ஆதலின், 1970களில் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் குறுக்குவழியொன்றை நாடினர். மைசின் என்னும் அவர்தம் கணினிச் செய்நிரல், இரத்தத்திற் கலந்த பற்றீரியா இன்னதெனத் துணிந்து மருந்து கூறுதற்கு அமைந்தது. வைத்தியரிடம் கேட்டுத் திரட்டிய ஏறத்தாழ 500 விதிகளுக்கும் உறுதி எண்கள் அளிக்கப்பட்டன. முழு உறுதி 1 எனின், ஒரு சான்று 0.6உம் மற்றொன்று 0.5உம் தருமிடத்து, எஞ்சிய 0.4இன் பாதியாகிய 0.2ஐக் கூட்டி 0.8 என அது கொள்ளும். எளிய முறை, பயனும் தந்தது. அதன் ஆலோசனைகள் அப்பல்கலைக்கழக வைத்தியர்களின் ஆலோசனைகளுக்குக் குறைந்தனவல்ல என 1979இல் வெளியான மதிப்பீடொன்று கூறிற்று. ஆயினும் சிகிச்சையில் அது வழக்கத்துக்கு வரவில்லை.

அம்முறையின் குறையைப் பாடசாலை அனுபவம் எனக்கு நன்கு விளக்கியது. மாணவர் மூவர் தனித்தனியே வந்து, இன்னான் மதிலேறிச் சென்றான் என முறையிடுவர். மூன்று சாட்சிகள் என எண்ணித் தண்டிக்க எழுவோம். விசாரித்தால், மூவரும் வேறொருவன் வாய்க் கேட்டவரே. சாட்சி ஒன்றே! உறுதி எண்களைக் கூட்டும் பொறி இவ்வேறுபாட்டை அறியாது. விதி எழுதுவோரே கவனித்து ஒரே விதியுள் அடக்கினாலன்றி, ஒரே காரணத்திற் பிறந்த இரு குறிகளையும் இரு சாட்சிகளாகவே அது கொள்ளும். வேண்டாத மருந்தொன்று நோயாளரின் உடலிற் செல்ல இப்பிழை போதும்.

இதற்கு வழி கண்டோருள் தலையாயவர், லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் யூடியா பேர்ள். எது எதனைத் தோற்றுவிக்கிறது என்பதை அம்புக்குறிகளால் வலைபோல வரைந்து, ஒவ்வொரு செய்திக்கும் அதன் நேரான காரணங்களை மட்டும் பொறுத்து நிகழ்தகவு தரலாமென 1988இல் வெளிவந்த அவர் நூல் காட்டிற்று. எச்செய்திக்கும் மூன்று காரணங்களுக்கு மேல் இல்லையெனின், முன் சொன்ன முப்பது செய்திகளுக்கு 240 எண்களே போதும். மூவரும் ஒருவன் வாய்க் கேட்டமையும் அங்கே அம்புகளாகவே நிற்கும். 2011ஆம் ஆண்டுக்குரிய ரியூறிங் விருது அவருக்கு அளிக்கப்பட்டது.

அவர் கையாண்ட உதாரணமொன்றிலே வானொலிக்கும் இடமுண்டு. தம் வீட்டிற் களவு எச்சரிக்கை மணி ஒலிப்பதாக ஒருவர் கேள்வியுறுகிறார். கள்வர் புகுந்தனரோ என அஞ்சி விரைகிறார். வழியில், நிலநடுக்கம் ஏற்பட்டதென வானொலி அறிவிக்கிறது. நிலநடுக்கத்தாலும் அம்மணி ஒலிக்கக்கூடும். கள்வரைப்பற்றி வானொலி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும் அச்சம் தணிகிறது. உறுதி எண்களைக் கூட்டிச் செல்லும் விதிகளைக்கொண்டு இதனைச் செய்வித்தல் அரிது. பேர்ளின் வலையிலோ, மணியை நோக்கி இரு காரணங்களினின்றும் அம்புகள் வருதலால், ஒன்று வலுப்பெற மற்றொன்று தானே மெலிகிறது. எனினும் அம்மனிதர் வீடு சென்று கதவைத் திறந்து பார்க்கவே வேண்டும். நிகழ்தகவு குறைந்ததேயன்றி அற்றுப்போகவில்லை.