இரசாயனம் பயிலப் புகும் நம் பிள்ளைகளுக்கு

மேனிலைப் பள்ளித் தேர்வு முடிந்த பின்னர்க் கல்லூரி திறக்கும் வரையில் நம் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ மூன்று மாத ஓய்வு கிடைக்கிறது. பி.எஸ்ஸி. முதலாண்டில் இரசாயனம், அதாவது இக்காலத்தார் வேதியியல் என வழங்கும் பாடம், பயில விரும்பும் பிள்ளையுள்ள வீட்டார் அக்காலத்தை எங்ஙனம் பயன்படுத்தலாம் என்பதைக் கூறவே இக்கட்டுரையை எழுதலானேன். யான் பள்ளியிறுதித் தேர்வோடு நின்று, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தவன். கல்லூரிப் படியை மிதித்தவனல்லன். நம் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோர் நிலையும் இதுவேயாகும். படியாத வீட்டாரும் இவ்விஷயத்தில் உதவக்கூடும் என்பதே யான் சொல்ல வந்தது.

நம் பிள்ளைகளின் நிலையை முதலில் நோக்குவோம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார்ப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், மூணாறு, பீருமேட்டுத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்பு வரை தமிழிலேயே பயில்கின்றனர். அதன்பின் அவர்கள் கையில் வரும் பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதனை ஆசிரியர் மலையாளத்தில் விளக்குகிறார். கல்லூரியிலோ நூலும் தேர்வும் ஆங்கிலமே. ஆக, ஒரே பொருளை மூன்று பெயரால் அறியவேண்டிய கடமை நம் பிள்ளைக்கு வாய்த்திருக்கிறது.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் தமக்கையின் மகள், கல்லூரியிற் சேர்ந்து என் வீட்டில் தங்கியிருந்த முதல் வாரத்திலேயே, "மாமா, நான் ஊருக்கே போய்விடுகிறேன்" என்று கண்கலங்கினாள். அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். மலையாளத்தில் 'மூலகம்' என்றால் தனிமம். அவளோ அச்சொல்லைக் கேட்ட போதெல்லாம் நம் 'மூலக்கூறு' என்றே கருதிக் குறிப்பெழுதியிருந்தாள். மூலக்கூற்றுக்கு மலையாளத்தார் 'தன்மாத்ர' என்பர். இவ்வொரு சொல் மாறியதால் இரண்டு பாடங்கள் தலைகீழாயின. அவளுக்குக் கடினமாயிருந்தது இரசாயனமன்று, அதற்கிட்ட பெயர்களே என்பது அன்று விளங்கிற்று.

ஆதலின் முதல் வேலை, மூன்று பத்தி கொண்ட நோட்டு ஒன்று போடுவதாகும். தனிமம், மூலகம், எலிமெண்ட். சேர்மம், ஸம்யுக்தம், காம்பவுண்ட். மூலக்கூறு, தன்மாத்ர, மாலிக்யூல். உப்பு, லவணம், சால்ட். ஆக்சிஜனேற்றம், ஓக்ஸீகரணம், ஆக்சிடேஷன். நாளொன்றுக்கு ஐந்து சொல் எழுதினால், தொண்ணூறு நாளில் நானூற்றைம்பது சொல் சேரும். இரவுணவுக்குப் பின் தாயோ தந்தையோ நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்ச் சொல்லைக் கூற, பிள்ளை மற்ற இரண்டையும் கூறி, பொருளையும் தன் வாயால் விளக்க வேண்டும். இதற்குப் பெற்றோர் இரசாயனம் அறிந்திருக்க வேண்டுவதில்லை. தமிழ்நாட்டு அரசு பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நூல்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டுள்ளது. இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தல் பெரும் பயன் தரும்.

தமிழில் இரசாயனம் படித்தவன் தாழ்ந்தவன் என்னும் எண்ணம் வேண்டா. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிரீன், 1875-ஆம் ஆண்டிலேயே 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூலைத் தமிழில் வெளிவரச் செய்தார். 1916-இல் சேலத்தில் அறிவியற் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் அமைக்க முன்னின்ற இராஜாஜி, 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு நூலே எழுதினார். தமிழிற் பெற்ற அறிவு அடித்தளம். ஆங்கிலம் அதன்மேல் எழுப்பும் சுவர்.

இரண்டாவது வேலை கணக்கு. முதலாண்டில் பலரை மருட்டுவது 'மோல்' என்னும் அளவு. எங்கள் இரயில்வேயில் வேகனை எடை மேடையில் நிறுத்தி, வெறும் வேகனின் எடையைக் கழித்தால் சரக்கின் எடை கிடைக்கும். சரக்கு 60 டன், மூட்டையொன்று 50 கிலோ எனில், உள்ளே 1,200 மூட்டை உள்ளன என எண்ணாமலே சொல்லிவிடலாம். மோலும் இத்தகைய எண்ணிக்கையே. அணுக்களை எண்ண இயலாது. ஆகவே நிறுத்து அறிகிறோம். 6.022-ஐப் பத்தின் 23-ஆம் அடுக்கால் பெருக்கினால் வரும் தொகையே ஒரு மோல்.

வாளையாற்றில் மலபார் சிமெண்ட்ஸ் ஆலை அமைந்ததற்குக் காரணமான சுண்ணாம்புக்கல்லையே எடுத்துக்காட்டாய்க் கொள்வோம். அது கால்சியம் கார்பனேட். கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் மூன்று பங்கு 48, கூட்டினால் 100. தூய கல் 100 கிலோவைச் சூளையிற் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாய்க் காற்றிற் கலக்கும். இவ்வொரு கணக்கைப் பிழையின்றிப் போடத் தெரிந்த பிள்ளை, முதலாண்டின் கணக்குகளுட் பலவற்றைத் துணிவுடன் அணுகலாம். தசமம், விகிதம், அடுக்கு, மடக்கை ஆகியவற்றை நாள்தோறும் பத்துக் கணக்காகப் போட்டுப் பழகுக.

மலைநாட்டுப் பிள்ளைகளுக்கோ தேயிலைத் தொழிற்சாலையே ஓர் ஆய்வுக்கூடம். உருட்டிய இலை செம்பு நிறமாவதை அங்கே 'ஃபெர்மெண்டேஷன்' என்பர். உண்மையில் அது நொதித்தலன்று; இலையிலுள்ள பாலிபீனால்கள், நொதியொன்றின் துணையால் காற்றின் ஆக்சிஜனோடு சேரும் ஆக்சிஜனேற்றம். உலர்த்தும் சூட்டில் அந்நொதி செயலற்று, மாற்றம் நின்றுவிடுகிறது. தேயிலைச் செடி அமில மண்ணை விரும்புவதும், அமிலம் மிகுந்துவிடின் சுண்ணாம்பு அல்லது டோலமைட் இடுவதும் நம் தோட்டத்தார் அறிந்ததே. தந்தை கண்டதைப் பிள்ளை பாடத்தின் சொல்லாற் கூறப் பழகட்டும்.

மூன்றாவது வேலை கைப்பழக்கம். ஆய்வுக்கூடத்திற் பியூரெட் என்னும் கண்ணாடிக் குழாயில் அளவு காண்கையில், நீர்மட்டத்தின் வளைந்த அடிப்பகுதிக்கு நேராகக் கண்ணை வைத்தல் வேண்டும். அளவுக்கோடிட்ட மருந்துக் குப்பியில் நீர் ஊற்றி இதை வீட்டிலேயே பழகலாம். அமிலத்தை நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டுமேயன்றி, அமிலத்தில் நீரை ஊற்றலாகாது என்பதையும் மனத்திற் பதிக்க வேண்டும். ஆனால் அமிலங்களைக் கொண்டு வீட்டிற் சோதனை செய்தல் அறவே கூடாது.

கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 ஜூலை முதல் நான்காண்டுப் பட்டத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டில் பட்டத்துடன் வெளியேறலாம். நான்காண்டும் முடித்தால் ஆனர்ஸ் பட்டம். முதலாண்டு அடிப்படைப் பாடங்களுக்குரியது. அங்கே தளர்ந்தவனுக்கு மேலாண்டுகள் பாரமாகும்.

அன்பர்களே, தோட்டத்துக் கூலியிலும் அலுவலகச் சம்பளத்திலும் மிச்சம் பிடித்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறோம். முதற் பருவத்திலேயே அஞ்சித் திரும்பும் பிள்ளையின் இடம் காலியாய்க் கிடக்கும். சென்ற பணமும் காலமும் மீளா. என் தமக்கை மகள் இவ்வாண்டு இரண்டாமாண்டு பயில்கிறாள். அவளது மூன்று பத்தி நோட்டு இப்பொழுது அவள் தம்பியிடம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டைத் தொடங்குங்கள்.