ஆபரேஷன் சிக்கலுக்கு அப்புறம் ஏன் இவ்வளவு மெதுவா சாப்பிடச் சொல்றாங்க?

வாணியம்பாடியில இருந்து ஒரு நேயர் கேட்டிருக்காங்க. அவங்க அப்பாவுக்குக் குடல் ஆபரேஷன். தையல் கசிஞ்சு, மறுபடியும் ஆபரேஷன் பண்ணி, ரொம்ப நாள் வாய்வழியா எதுவும் இல்லை. இப்பதான் கஞ்சித்தண்ணி ஆரம்பிச்சிருக்காங்க. பார்க்க வர்ற சொந்தக்காரங்க, "எலும்பும் தோலுமா ஆயிட்டாரே, பிரியாணி கொடுங்க"ன்னு சொல்றாங்களாம். கொடுக்கலாமா?

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் இன்ஜினியர். மருத்துவ வழிகாட்டிகள்ல இருக்கிறதை எளிமையா சொல்றேன்.

"எங்க மாமாவுக்கு மறுநாளே இட்லி கொடுத்தாங்களே"ன்னு ஒருத்தர் சொல்வார். அது உண்மையா இருக்கலாம். சிக்கல் இல்லாத ஆபரேஷன்ல சீக்கிரமே சாப்பிட வைப்பது நல்லதுன்னு டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கெலெட் 1990-கள்ல முன்வைத்த முறை இன்னைக்குப் பரவலா நடக்குது. ஆனா அந்த மாமாவுக்குத் தையல் கசியலை. கசிஞ்சவங்களுக்கு அந்த இடம் ஆறணும், தொற்று அடங்கணும். அதுவரைக்கும் ரத்தநாளம் வழியாவோ, சிறுகுடலுக்குள்ள விட்ட குழாய் வழியாவோ சத்து போகும்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. பல நாள் சரியா சாப்பிடாதவங்க உடம்பு கொழுப்பை எரிச்சு ஓடிட்டிருக்கும். திடீர்னு நிறைய மாவுச்சத்து போனா இன்சுலின் ஏறும். ரத்தத்துல இருக்கிற பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள்ள போயிடும். அப்போ இதயத்துடிப்பே தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு, பட்டினியில இருந்து மீட்கப்பட்ட கைதிகள் சிலர் சாப்பிட ஆரம்பிச்ச பிறகு இறந்துபோனது இதனாலதான்.

அதனால 2006-ல வந்த பிரிட்டன் வழிகாட்டி, ஆபத்து அதிகமா இருக்கிறவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 கலோரியில தொடங்கச் சொல்லுது. 50 கிலோ இருக்கிறவருக்கு 500 கலோரி. வழக்கமான தேவையில இது பாதிகூட இல்லை. அங்கிருந்து 4 முதல் 7 நாள்ல படிப்படியா ஏத்துவாங்க. வைட்டமின் பி1 கொடுப்பாங்க, ரத்தப் பரிசோதனை செய்வாங்க. அரை டம்ளர் கஞ்சிக்குப் பின்னாடி இந்தக் கணக்கு இருக்கு.

அடுத்த படி பொதுவா இப்படிப் போகும்: தண்ணி, கஞ்சித்தண்ணி, மோர், குழைஞ்ச சாதம், இட்லி, முட்டை. கொஞ்சம் கொஞ்சமா, ஒரு நாளைக்கு ஆறு வேளை. காயம் ஆறப் புரதம் முக்கியம். கீரை, முழுப்பயறு, எண்ணெய்ப் பலகாரமெல்லாம் கொஞ்சம் தள்ளி. நம்ம ஊர் நோன்புக் கஞ்சிகூடக் கஞ்சிதானேன்னு நினைக்காதீங்க. அதுல கறி, மசாலா எல்லாம் இருக்கு. டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் கொடுங்க.

வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, வயிறு உப்பி வலி, நிக்காத வாந்தி, மூச்சுத்திணறல், கால் வீக்கம், குழப்பமான பேச்சு - இதுல எது வந்தாலும் காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

சொந்தக்காரங்க கொண்டு வர்ற பாத்திரத்துல இருக்கிறது பாசம்தான். வாங்கி வச்சுக்கோங்க, நீங்க சாப்பிடுங்க. அப்பாவுக்கு டாக்டர் எழுதின சீட்டுப்படிதான். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.