தாமே கற்கும் மருத்துவ மாணவர்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. எத்துறைக்கும் பொருந்தும் இம்மொழி மருத்துவத்துக்குச் சாலப் பொருந்தும். இலக்கியம் பயிலும் நாம் ஒரு செய்யுளுக்குப் பிழைபட உரை கூறின் ஆசிரியர் திருத்துவர். செய்யுளுக்கு ஊறு யாதுமில்லை. மருத்துவம் பயின்றார் பிழைபடின் அதன் பயனை நோயாளரே நுகர்வர். ஆதலின், மருத்துவம், செவிலியம் முதலிய துறைகளில் மேல்வகுப்பை எட்டிய மாணவர் எவ்வாறு கற்றல் வேண்டும் என்னும் வினா அவர்க்கு மட்டும் உரியதன்று. நம் அனைவர்க்கும் உரியது.

ஆசிரியர் சொல்ல, மாணவர் கேட்டெழுதித் தேர்வில் ஒப்புவிப்பது நாம் அறிந்த முறை. அங்ஙனம் கற்றவற்றுள் தேர்வின் மறுநாளே நாம் மறந்தன எத்துணை! இதற்கு வேறான முறையும் உண்டு. மெய்யான ஒரு சிக்கலை மாணவர் தம் பணியாக ஏற்று, அதனைத் தீர்க்க வேண்டும் அறிவைத் தாமே தேடிக்கொள்வது செயல்திட்ட முறை எனப்படும். இதனை விளக்கி அமெரிக்கக் கல்வியறிஞர் கில்பாட்ரிக் 1918ஆம் ஆண்டு கட்டுரை வரைந்தார். மாணவர் தத்தம் நடையிற் சென்று, ஒரு பகுதியைச் செவ்வனே கற்ற பின்னரே அடுத்ததற்குச் செல்லும் முறையை 1968ஆம் ஆண்டு கெல்லர் என்னும் உளநூலார் எடுத்துரைத்தார். இவ்விரண்டும் இணைந்த கல்வியையே ஈண்டு ஆராய்கின்றோம்.

இதனை நம் ஊரிலேயே வைத்துக் காண்போம். ஸ்ரீரங்கம் என வழங்கும் திருவரங்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. கோயிலின் ஏழு திருச்சுற்றுக்களுள் புறத்தே உள்ளவற்றில் உத்திர வீதி, சித்திரை வீதி முதலியன அமைந்து, மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் அங்கு டெங்குக் காய்ச்சல் பரவாமற் காக்கும் வழி யாது என ஆராய்வதை நான்கு மாணவர் தம் பணியாக ஏற்றனர் என்று கொள்வோம். அவர்கள் வீடுதோறும் சென்று தொட்டி, குடம், பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் ஆகியவற்றை நோக்குகின்றனர். 40 வீடுகளுள் 6 வீடுகளில் கொசுப்புழு இருப்பின், நூற்றுக்கு 15 எனக் கணக்கிட்டுக்கொள்கின்றனர். நீரைக் கொட்டிவிடுமாறு வீட்டாரிடம் கூறி மீள்கின்றனர்.

சில வாரங் கழித்துச் செல்லின், அதே தொட்டியில் மீண்டும் புழு! நீரைக் கொட்டியும் இஃது எங்ஙனம் வந்தது? இவ்வினா எழுந்த பின்னரே நூலைப் புரட்டுகின்றனர். ஏடிஸ் என்னும் அக்கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கலத்தின் சுவரில் முட்டையிடும். அம்முட்டை நீரின்றியும் பல மாதம் அழியாதிருந்து, நீர் பட்டதும் பொரிக்கும் என்று அறிகின்றனர். கொட்டுதல் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும் என்பது அப்போது விளங்குகிறது. வகுப்பில் ஒரு வரியாய்க் கேட்டு மறந்திருக்கக்கூடிய செய்தி, இனி வாழ்நாள் முழுதும் அவர் நெஞ்சை விட்டு அகலாது.

இவ்வகைக் கல்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் போந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணாக்கரை நோயாளரிடையே வைத்துப் பயிற்றினார். அம்மாணாக்கர் துணையொடு மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஒரு நூலை மொழிபெயர்க்கப் புகுந்தவன் அதனை விளங்காமல் ஒரு வரியும் எழுதவியலாது. தமிழ் பயிலும் நமக்கு இது பெருமை தரும் செய்தியன்றோ? வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மாணவர் சிற்றூரிலே தங்கி, வீடுதோறும் சென்று மக்கள் நலத்தை ஆராய்ந்து கற்கின்றனர். இந்திய மருத்துவக் கல்லூரிகளில் 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், மாணவர் தாமே கற்றற்கெனத் தனியே நேரம் ஒதுக்கிற்று. 2022ஆம் ஆண்டு முதல், மாணவர் ஒவ்வொருவரும் சில குடும்பங்களை ஏற்று அவற்றின் நலத்தைத் தொடர்ந்து நோக்குதலும் கல்வியின் பகுதியாயிற்று.

எனினும் இம்முறைக்கு இடர்கள் இல்லாமல் இல்லை. தம் நடையிற் செல்க என்றால், நடவாமலே இருப்பாரும் உளர். நால்வர் கூடிய பணியில் ஒருவர் உழைக்க, மூவர் பெயர் மட்டும் எழுதுதலும் கூடும். எல்லாவற்றினும் கொடிது, வீட்டாரைத் தம் மதிப்பெண்ணுக்குக் கருவியாகக் கொண்டு, கணக்கெழுதியபின் அவரை மறந்துவிடுதல். ஆதலின் இரண்டைப் பிரித்தறிதல் வேண்டும். நடை மாணவர்க்கு உரியது; அளவுகோல் அவர்க்கு உரியதன்று. ஊசி போடக் கற்பதற்கு ஒருவர் ஒரு வாரமும் மற்றொருவர் ஒரு மாதமும் கொள்ளலாம். ஆயின், செவ்வனே போடத் தெரிந்தார் என்று ஆசிரியர் கண்டு தெளியுமுன் எவரும் தனியே நோயாளரை அணுகலாகாது. இம்முறையில் ஆசிரியர் தொழில் குறைவதில்லை. சொல்லுதல் குறைந்து, உடனிருந்து நோக்குதல் மிகுகின்றது.

திருச்சிராப்பள்ளி அரசு மருத்துவக் கல்லூரி, இவ்வூரிற் பிறந்த முத்தமிழ்க் காவலர் கி. ஆ. பெ. விசுவநாதம் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1899 முதல் 1994 வரை வாழ்ந்த அப்பெரியார் கல்லூரியிற் பயின்றவரல்லர். புகையிலை வணிகராய் இருந்துகொண்டே, புலவரை அடுத்துத் தாமே முயன்று தமிழ் கற்றார். தமிழ் மருந்துகளைப் பற்றியும் நூல் எழுதினார். தாமே கற்றவர் ஒருவர் பெயரால் விளங்கும் கலைக்கூடம் நம் ஊரில் உளதாக, கற்பிப்பார் வாயையே நோக்கி நாம் வாளா இருத்தல் தகுமோ? மருத்துவ மாணவர்க்குக் கூறிய இது நமக்கும் உரியது என்பதை உடன் பயிலும் அன்பர்கள் எண்ணிப் பார்ப்பாராக.