கறுத்த அலுமினியச் சட்டிக்குப் புளிதான் மருந்து

அலுமினிய இட்லிப் பானையின் உட்புறம், தண்ணீர் நிற்கும் மட்டம் வரை கறுத்திருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஏனென்றால் அது ஒட்டிய அழுக்கு அல்ல. உலோகத்தின் மேல்தோலே மாறியிருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், பட்டாசு ஆலைகள் உள்ள அச்சங்குளம், வெம்பக்கோட்டை பக்கம் பரணில் கிடக்கும் பழைய தூக்குவாளியையும் சருவச்சட்டியையும் கை வலிக்காமல் மீட்டுவிடலாம்.

ஏன் கறுக்கிறது?

சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898இல் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தார். அதன்பின் எடை குறைந்த, துருப்பிடிக்காத இந்த ஏனங்கள் அடுப்படிக்குள் வந்துவிட்டன. துருப்பிடிக்காததற்குக் காரணம், காற்றுப் பட்டதும் அலுமினியத்தின் மேல் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம். காரத்தன்மையுள்ள உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் அந்தப் படலம் தடிக்கும். தண்ணீரில் உள்ள தாதுக்களும் சேர்ந்து கறுக்கும். சோடா உப்போ சாம்பலோ போட்டுத் துலக்கினாலும் இப்படித்தான் ஆகும். இந்தக் கறுப்பால் உடம்புக்குக் கெடுதல் இல்லை.

உள்கறுப்பை எடுக்க

காரம் செய்ததைப் புளிப்பு மாற்றும். கறுப்பு மட்டத்துக்குச் சற்று மேலே வரை தண்ணீர் ஊற்றுங்கள். லிட்டருக்கு ஓர் எலுமிச்சை அளவு பழம்புளியைக் கரைத்துவிட்டு, 10 முதல் 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் கறுப்புப் படலத்தைக் கரைக்க, அடியில் வெள்ளை தெரியத் தொடங்கும். பிழிந்த எலுமிச்சைத் தோலும் இதே வேலையைச் செய்யும். ஆறியதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தேங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். கறுப்பு மிச்சமிருந்தால் இன்னொரு முறை கொதிக்கவிடலாம்.

திரும்பக் கறுக்காமல் இருக்க, இட்லி அவிக்கும்போது அடித்தண்ணீரில் ஒரு துண்டு புளியோ எலுமிச்சைத் தோலோ போட்டுவிடுங்கள்.

வெளிப்புறக் கரி

விறகடுப்புக் கரி வேறு வகை. அது புளிப்பில் கரையாது. சோப்புக் கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்கத்தான் வேண்டும். வெளிப்புறத்துக்குக் கம்பி நார் போடலாம். உட்புறத்தில் போட்டால் கீறல் விழும். அடுப்பில் ஏற்றும் முன் அடிப்பக்கம் சோப்பையோ களிமண்ணையோ பூசிவிட்டால், கரி அதோடு கழன்று வந்துவிடும்.

செய்யக் கூடாதவை

காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைத்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். பிளீச்சிங் பவுடர் சட்டியில் குழி விழவைக்கும். அதைப் புளிப்போடு சேர்த்தால் நச்சுக் குளோரின் வாயு வரும். சுத்தம் செய்த ஏனத்தில் புளிக்குழம்பு, தயிர், ஊறுகாயை இரவு முழுக்க வைக்காதீர்கள். புளிப்பும் உப்பும் உலோகத்தை அரித்து உணவில் சேர்க்கும்.

பட்டாசு ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். வாணத்தில் வெள்ளை வெளிச்சம் தருவது அலுமினியப் பவுடர். பொடியாக இருக்கையில் ஈரம் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கவும் செய்யும். அதனால் ஆலைப் பொடி எதையும் துலக்குவதற்கென்று வீட்டுக்கு எடுத்து வரவே கூடாது. பட்டாசு மருந்து அள்ளிய, கலந்த சட்டி எவ்வளவு பளபளத்தாலும் சமையலுக்கு ஆகாது. பச்சை நிறத்துக்குச் சேர்க்கும் பேரியம் நைட்ரேட் கொடிய நஞ்சு.

எதை விட்டுவிட வேண்டும்?

உட்புறம் புள்ளிபுள்ளியாகக் குழி விழுந்திருந்தால், அடி உப்பி ஆடினால், ஓட்டை தெரிந்தால் அந்த ஏனத்தை மீட்க முடியாது. எந்த உலோகத்தை உருக்கி வார்த்தது என்று தெரியாத கனத்த சட்டியையும் சமையலுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். இண்டாலியம் எனப்படும் உலோகக் கலவையில் செய்த சில பாத்திரங்களிலிருந்து ஈயம் உணவில் கசியலாம் என்று 2025இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. எந்தப் புளியும் அந்த ஈயத்தை நீக்காது.

அப்படிப்பட்டவற்றைக் குப்பையில் எறியாமல் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போடுங்கள். தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்கச் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ 20இல் ஒரு பங்கு இருந்தால், பழையதை உருக்கிப் புதிதாக்கிவிடலாம்.