நோயாளியிடம் நடந்துகொள்ளும் முறை: வகுப்பில் ஒன்று, வார்டில் வேறொன்று?

ஹைதராபாத்: நோயைக் கண்டறியக் கற்றுத் தரும் மருத்துவக் கல்வி, நோயாளியிடம் நடந்துகொள்ளும் முறையையும் கற்றுத் தருகிறதா? உஸ்மானியா, காந்தி ஆகிய இரு பெரும் அரசு மருத்துவக் கல்லூரிகளைக் கொண்ட இந்நகரில் மட்டுமன்றி, நாடெங்கும் எழுப்பப்படும் கேள்வி இது.

நாடாளுமன்றத்திலும் இது ஒலித்தது. இந்திய மருத்துவ கவுன்சிலின் செயல்பாட்டை ஆராய்ந்த சுகாதாரத் துறை நாடாளுமன்ற நிலைக்குழு, 2016 மார்ச்சில் அளித்த 92-வது அறிக்கையில், தொழில்நெறியை மருத்துவர்கள் மதிக்கச் செய்ய கவுன்சில் தவறிவிட்டதாகச் சாடியது. 2020 செப்டம்பரில் கவுன்சிலின் இடத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் பெற்றது.

இதற்கிடையே, 2019-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாற்றி அமைக்கப்பட்டது. மனப்பாங்கு, நெறிமுறை, தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கென 27 பாடப் பகுதிகள் சேர்க்கப்பட்டன. மருத்துவராக இருப்பது என்றால் என்ன, நோயாளியாக இருப்பது என்றால் என்ன என்பவை தொடக்கக் கட்டத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. உடற்கூறு கூடத்துச் சடலமே முதல் ஆசிரியர் என்று உணர்த்தவும் ஒரு பகுதி உண்டு.

எதைப் பார்த்துக் கற்பது?

மாணவர்களின் கவனம் முழுவதும் பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்விலேயே இருப்பதால், வார்டில் செலவிடும் நேரம் குறைந்துவிட்டது என்பது ஆசிரியர் தரப்பில் பொதுவாகக் கூறப்படும் குறை. நேரந்தவறாமை, நோயாளியின் ரகசியம் காத்தல், அடுத்த பணிமுறை மருத்துவரிடம் முறையாகப் பொறுப்பை ஒப்படைத்தல் ஆகியவையே அவர்களது பார்வையில் தொழில்நெறியின் அடையாளங்கள்.

மாணவர் தரப்பின் வாதம் வேறு. நோயாளியின் சம்மதம் பற்றிக் காலையில் வகுப்பு நடக்கிறது. மாலையில், படித்துக் காட்டாமலேயே படிவத்தில் கைரேகை பெறப்பட்டால், மனதில் பதிவது எந்தப் பாடம்? கல்வியாளர்கள் இதை 'மறைமுகப் பாடத்திட்டம்' என்கின்றனர். மூத்த மருத்துவர் நோயாளியிடம் காட்டும் பரிவும், எரிந்து விழும் கோபமும் அப்படியே இளையவர்களிடம் தொற்றிக்கொள்கின்றன.

பணிச்சுமையும் இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. பயிற்சி மருத்துவர்களுக்குத் தொடர் பணி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என 1992-லேயே மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது. ஆனால், வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மிகாமல் பணி வழங்க வேண்டும் என 2024-ல் ஆணையத்தின் பணிக்குழு பரிந்துரைக்கும் நிலையே இருந்தது. தூக்கமின்றி நிற்பவரிடம் கனிவான சொல்லை எதிர்பார்ப்பது எளிதல்ல.

2020 ஜூனில் ஹைதராபாத் காந்தி மருத்துவமனையில், கொரோனா நோயாளி இறந்ததையடுத்து இளம் மருத்துவர் ஒருவர் தாக்கப்பட்டார். இளம் மருத்துவர்கள் பணியைப் புறக்கணித்துப் பாதுகாப்புக் கோரினர். தாக்குதலை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது. எனினும், துயரச் செய்தியை உறவினரிடம் எவ்வாறு, யார் தெரிவிப்பது என்பது கற்றுத் தரப்பட வேண்டிய திறன் என்பதை இத்தகைய சம்பவங்கள் நினைவூட்டுகின்றன.

விதிகள் மட்டும் போதுமா?

2023 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட புதிய நடத்தை விதிகளை அதே மாதத்திலேயே ஆணையம் நிறுத்திவைத்தது. 2002-ம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. மதுரை மருத்துவக் கல்லூரியில் 2022-ல் எந்த உறுதிமொழியை ஏற்பது என்பதே பெரும் சர்ச்சையானது.

உறுதிமொழி எதுவாயினும், அதன் பொருளை மாணவர் அறிவது நோயாளியின் கட்டிலருகில்தான். அங்கே ஆசிரியர் நடந்துகொள்ளும் விதமே, 27 பகுதிகளும் பயன் தருமா என்பதைத் தீர்மானிக்கும்.